ஆறு அங்குல ஓட்டை

திலக் நகர்
10.2.2025

அன்புள்ள அண்ணன் சுடலைக்கண்ணனுக்கு,

இசக்கிசெல்வி எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. போன் செய்தால் கட் பண்ணுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

இங்கே ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தங்கியிருப்பது நாலு மாதமாகத்தான். உங்கள் தலைக்கு மேலே அந்த மாடி அறையில் நான் குடியிருப்பது பதினாறு வருஷமாக. நேற்று தாராவிக்கு வந்து பார்த்தால் அறைக்குக் கதவே இல்லை. கீழே சந்தில் பிள்ளைகள் ஒரு சாய்வுப் பலகையில் சோளம் அடைத்த சின்னப் பைகளை எறிந்து விளையாடுகிறார்கள். அந்தப் பலகை என் கதவு. பை விழுகிற ஓட்டை இருப்பது, சர்வேக்காரர்கள் என் அறைக்கு நம்பர் எழுதிப்போன இடத்தில்.

அந்த நம்பர் இருந்தால்தான், தாராவியை இடித்துவிட்டுக் கட்டப்போகிற புதுக் கட்டடத்தில் எனக்கென்று ஓர் இடம். உங்களுக்குத் தெரியாதா?

தங்கை
இசக்கிசெல்வி


தாராவி
13.2.2025

தங்கச்சி இசக்கிசெல்விக்கு,

கடிதம் வந்தது. உன் மதினியும் படித்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உன் மருமகள் ஸ்ரீதேவி பள்ளிக்கூட விழாவில் ஒரு விளையாட்டு வைக்கிறாள். நாலடிக்கு ரெண்டடியில் பலகை வேண்டும். உன் மாடி அறையின் குட்டைக் கதவு அதே அளவு. மேலே ஒன்பது அங்குலம் விட்டு, ஆறு அங்குலத்துக்கு வட்டம் போட்டு அறுக்க வேண்டும். நம்பர் அங்கே இருந்தது என் குற்றமா? பை வழுக்கிப் போவதற்காக உப்புத்தாள் வைத்து நாலு தரம் தேய்த்தேன். கால்களுக்குக் கீல் வைத்தேன், மடக்கிக்கொள்ளலாம். உன் மதினி எட்டுப் பைக்கும் இரட்டைத் தையல் போட்டாள்.

பிள்ளைகள் சிரிப்பது உனக்குப் பொறுக்கவில்லை. பெற்றிருந்தால் தெரியும்.

சுடலைக்கண்ணன்


திலக் நகர்
16.2.2025

அண்ணனுக்கு,

குர்லா பட்டறையில் இருபது வருஷமாகக் கதவு செய்கிறவர் நீங்கள். அங்கே துண்டு பிளைவுட்டை மூட்டை மூட்டையாக அடுப்புக்குப் போடுகிறார்கள். உங்களுக்குப் பலகைக்கா பஞ்சம்? கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று?

வேலை நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டையைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு சிலாம்பு இல்லை. அவ்வளவு பொறுமையாக என் நம்பரை அறுத்திருக்கிறீர்கள்.

ஸ்ரீதேவிக்கு டைபாய்டு வந்தபோது ஒன்பது நாள் அவளை மடியில் போட்டுக்கொண்டு இருந்தது நான். பெற்றவள் இல்லைதான்.

இப்போதும் ஒன்று கேட்கிறேன். என்னோடு சர்வே ஆபீசுக்கு வந்து, மாடியில் இருப்பவள் இவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றதையெல்லாம் மறந்துவிடுகிறேன்.

இசக்கிசெல்வி


தாராவி
20.2.2025

இசக்கிசெல்விக்கு,

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. செவ்வாய்க்கிழமை சரிபார்க்க ஆள் வந்தான். மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். சாமான் போட்டு வைக்கிற இடம் என்று சொல்லிவிட்டேன். மாடியையும் சேர்த்துக் காட்டினால் பெரிய வீடாகக் கிடைக்கும் என்கிறார்கள்.

எனக்கு ரெண்டு பெண் பிள்ளைகள். நீ ஒண்டிக்கட்டை. புது வீட்டில் உனக்கு ஒரு மூலை இல்லாமலா போய்விடும்? கோபத்தை விட்டுவிட்டு வந்து சேர்.

சுடலைக்கண்ணன்


திலக் நகர்
27.2.2025

திரு. சுடலைக்கண்ணன் அவர்களுக்கு,

தனியாகவே ஆபீசுக்குப் போனேன். நம்பர் எழுதிய அன்று என்னைக் கதவோரம் நிறுத்தி போட்டோ எடுத்திருக்கிறார்கள். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் எனக்கே அது மறந்துபோயிருந்தது. கம்ப்யூட்டரில் காட்டினார்கள். நம்பரும் தெளிவாக இருக்கிறது, என் முகமும் தெளிவாக இருக்கிறது. நீங்கள் மெனக்கெட்டு அறுத்ததெல்லாம் வீண்.

என் விண்ணப்பத்தை எழுதிய பெண் நம் ஊர்ப் பக்கத்துக்காரிதான். கீழ்வீடும் மேல்வீடும் ஒரே குடும்பம் என்றால் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்களாம். என் ரேஷன் கார்டு தனி என்று எடுத்துக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அது கெடக்கட்டும்க்கா. கீழ இருக்கவுக ஒங்களுக்கு யாரு?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

"யாருமில்ல தாயி" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டாள். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இசக்கிசெல்வி