அனிட்டா பேருல பத்து அரிசி

அன்பும் மரியாதையுமுள்ள ஜூலியா டீச்சருக்கு, அனிட்டாவோட அம்மா அமலோற்பவம் தோத்திரம் சொல்லி எழுதிக்கிறது. அசாம்ல மழை ஜாஸ்தின்னு டிவில காட்டினாங்க. பத்திரமா இருக்கீங்களா? இங்க கரும்பு வெட்டு நடக்குது. அனிட்டா அப்பா டிராக்டர்ல மூங்கில்துறைப்பட்டு சக்கரை மில்லுக்கு லோடு அடிக்கிறாரு. எனக்குப் போன்ல எழுத வராது. பேப்பர்ல எழுதுனா போட்டோ புடிச்சு அனுப்பறேன்னு என்கூட வெட்டுக்கு வர்ற தங்கமணி சொல்லியிருக்கா.

நீங்க அனிட்டா போனுக்கு அனுப்பினதைப் படிச்சேன். போன்ல கணக்குப் போடற அரிசி விளையாட்டுல நம்ம குரூப்புக்கே முதல்ல நிப்பியே, இப்ப சின்னப் பெருக்கல்லயே தப்பு போடுறியே, வேற யாராச்சும் ஆடுறாங்களா, அப்படின்னா குரூப்புலருந்து உன் பேரை எடுத்துடுவேன்னு எழுதியிருந்தீங்க.

ஆமாங்க டீச்சர். ஆடறது நான்தான். அனிட்டா தவறிட்டா. நம்ம பள்ளிக்கூடத்துலருந்து நீங்க அசாமுக்குப் போன அடுத்த மாசமே மஞ்சக்காமாலை வந்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேர்த்தும் உசுரு நிக்கல. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல.

அவ போன பொறவு அந்தப் போனைத் தொடவே பயந்துக்கினு இருந்தேன். ஒரு நாள் தானா அடிச்சு, அனிட்டா, உனக்குக் கேள்வி காத்திருக்குன்னு வந்துது. என் புள்ளைய இன்னும் பேர் சொல்லிக் கூப்புடுதேன்னு எடுத்துப் பாத்தேன். தொறந்தா பெரிய பெரிய கணக்கு. தப்பாத் தொட்டேன். தப்பு ஆவ ஆவ இன்னும் சின்னதாக் கேட்டுது. கடைசில ரெண்டையும் மூணையும் பெருக்கச் சொல்லிச்சு. ஆறைத் தொட்டதும் பச்சையாயி, பசிச்சவங்களுக்குப் பத்து அரிசின்னு காட்டுச்சு.

நான் அஞ்சாவதோட நின்னவ. தப்புச் சொன்னா முட்டி போட வச்சதுதான் எனக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடம். இது திட்டல, தொரத்தல, நான் நிக்கிற எடத்துக்கே எறங்கி வந்துது டீச்சர்.

ஒவ்வொரு சரியான விடைக்கும் விளம்பரக் காசுல அரிசி வாங்கி அனுப்புறாங்கம்மான்னு அனிட்டா எத்தினியோ முறை சொல்லியிருக்கா. உலை வைக்கும்போது கோயிலுக்குன்னு புடி அரிசி எடுத்து வைக்கிறோமே, அது எங்க பானைலருந்து போவுது. இதுல எங்க பானை கொறையல. ஒரு கணக்கு தெரிஞ்சுக்கினா எங்கயோ ஒருத்தர் வாய்க்குச் சோறு போவுது. எனக்கு இது மாதா செஞ்ச அற்புதம் மாதிரித்தான் இருக்கு. ரேஷன் அரிசில பத்தை எண்ணி உள்ளங்கைல வச்சுப் பாத்தேன். ஊதுனா பறந்துடும். அன்னிலருந்து ஒவ்வொரு சரிக்கும் முறத்துல பத்து போட்டுக்கினே வந்தேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு புடி சேந்துடுச்சு. அதையும் கோயில்ல குடுத்தேன். கடைசில அனிட்டாவுக்குக் கஞ்சித் தண்ணி கூட எறங்கல. அவ பேருல போற அரிசி எந்தப் புள்ளைக்கோ எறங்குதுன்னு நெனைச்சுக்கினுதான் தெனமும் ஆடறேன்.

வூட்டாண்ட டவர் எடுக்காது. பஸ் ஸ்டாப்புல குந்திக்கினுதான் ஆடுவேன். இன்னாடி, கலெக்டர் பரிச்சையான்னு தங்கமணி சிரிச்சா. இப்ப அவளே எட்டிப் பாத்து விடை சொல்றா, பாதி தப்பு. அதனால எல்லாத் தப்பும் என்னுது இல்லீங்க. அவரு அந்தப் போன் பக்கமே திரும்பாம இருந்தாரு. முந்தாநாள் ஏழையும் எட்டையும் பெருக்கத் தெரியாம முழிச்சேன். லோடோட வந்தவரு டிராக்டரை நிறுத்தி, எறங்காமயே அம்பத்தாறுன்னு சொல்லிட்டுப் போனாரு. புள்ள போன பொறவு அவரா வாயைத் தொறந்தது அன்னிக்கிதான்.

கணக்குல அவ நின்ன எடத்துக்கு நான் வர நாளாவும். ஆனா வந்துடுவேன். அடுத்தவங்க பேருல ஆடக் கூடாதுன்னு நீங்க சொல்றது நாயம்தான். என் பேரைத் தனியாச் சேருங்க, அதுலயும் ஆடறேன். அவ பேரை மட்டும் எடுத்துடாதீங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல எடுத்தாச்சு. ரேஷன் கார்டுலயும் எடுத்தாச்சு. அரிசி வாங்குற எடத்துல என் புள்ள பேரு இல்ல. குடுக்கிற எடத்துலயாவது இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்புடுங்க. மாதா உங்க கூடவே இருக்கணும்.

இப்படிக்கு,
அனிட்டா அம்மா