சத்தம் இருக்கட்டும், சூட்டுப் பெட்டியை மாற்று

காஞ்சிபுரம்
25-1-77

சிரஞ்சீவி சபாபதிக்கும் மருமகள் லில்லிக்கும் பேத்தி அம்சாவுக்கும் அம்மா எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீங்கள் மூவரும் சுகம் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. நேற்றுக் கொடுத்த தந்தியைப் பார்த்துப் பதறியிருப்பாய். வண்டியில் சூடு போடாதே, குழந்தையை அதில் தூங்கவைக்காதே என்று மட்டும் இருந்தால் யாருக்கு என்ன விளங்கும், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

உன் கடிதம் வந்த அன்று தெரு முழுக்கப் படித்துக் காட்டினேன். பழைய வேன் வாங்கி, உள்ளே படுக்கை அடுப்பு எல்லாம் வைத்து, துருக்கி ஈரான் வழியாக ஜெர்மனியிலிருந்து வீட்டு வாசலுக்கே ஓட்டி வரப்போகிறாய் என்றதும் உன் அப்பா தறியை விட்டு எழுந்து வந்து இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடுவோம் என்ற வரியை நான் எத்தனை தரம் தடவிப் பார்த்தேனோ. ஒத்திகையாக ஒரு நாள் மலைக்குப் போய் வந்ததையும் எழுதியிருந்தாய். குழந்தை பின்னால் கதகதப்பாகப் படுத்து அப்படித் தூங்கினாளாம், உலுக்கியும் எழுந்திருக்கவில்லையாம், அப்புறம் தலைவலி என்று வாந்தி எடுத்தாளாம், மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லையாம். அப்பனைப் போலவே தூங்குமூஞ்சி என்று எல்லாரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

நீ கேட்டிருந்த சந்தேகத்துக்காக, வாலாஜாபாத்தில் லாரி பழுது பார்க்கும் ஷெட் வைத்திருக்கிற உன் மாமா கண்ணாயிரத்திடம் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். சைலன்சர் ஓட்டை, வண்டிக்குள் சூடு கொடுக்கிற பெட்டிகளும் துருப்பிடித்துவிட்டன, இரண்டில் ஒன்றைத்தான் இப்போது புதிதாக வாங்க முடியும், சத்தம் கேட்டால் போலீஸ் பிடிப்பான், அதனால் சைலன்சரை மாற்றிவிட்டுப் பெட்டியை ஒட்டுப் போட்டுக்கொள்ளலாமா என்று எழுதியிருந்தாய் அல்லவா. அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, குழந்தை தூங்கின இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னான். "அக்கா, அது தூக்கம் இல்லக்கா, புகை. அந்தப் பெட்டிக்குள்ளாறதான் புகைக்குழாய் போவுது. குழாய் பொத்தலாயிட்டா சூட்டோட புகையும் வந்துக்கினே இருக்கும், நாத்தம்கூட தெரியாது. முன்னாடி இவங்க கண்ணாடிய எறக்கிவுட்டுக்கினு குந்தியிருப்பாங்க, பின்னாடி கொழந்தை என்னா பண்ணும்?" என்றான். போன ஐப்பசி மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு இஞ்சினை ஓடவிட்டுப் படுத்து, புகையில் மயங்கிக் கிடந்த ஒரு டிரைவரை இவன்தான் கதவை உடைத்து இழுத்துப் போட்டிருக்கிறான். அப்படியே தபாலாபீஸுக்குப் போய் தந்தி கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஆகையால் மாமா சொன்னதைக் கேள். இரண்டு பக்கத்துப் பெட்டியும் புதிதாகவே வாங்கு. காயலான்கடைப் பெட்டி வேண்டவே வேண்டாம், மேலே பெயின்ட் அடித்துப் பளபளவென்றிருக்கும், உள்ளே அரித்துப் போயிருக்கும். குழாய் சேருகிற இடத்தில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டையும் பழசைப் போடாதே. சைலன்சருக்குத் தகடு வைத்து ஒட்டிக்கொள், கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும். குழந்தையை ஒரு டாக்டரிடம் காட்டு. லில்லி நர்ஸ்தானே, வண்டி ஓடும்போது குழந்தையை அடிக்கடி எழுப்பிப் பார்க்கச் சொல். எல்லாம் புதிதாக மாட்டினாலும் பனியில் புறப்படாதே, சித்திரையில் கிளம்பினால் அந்தச் சூடே தேவைப்படாது என்கிறான். ஆனிக்குத்தான் வந்து சேருவாய். வா வா என்று நச்சரித்தவள் நான், நானே சொல்கிறேன், உத்திரத்துக்கு வரவேண்டாம். சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லையடா. அந்தக் குழந்தையை நான் போட்டோவில்தான் தூக்கியிருக்கிறேன். உன் அப்பா நெய்த பட்டுத் துணியில் அவளுக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தேன், நேற்று டெய்லரிடம் போய் இரண்டு மடிப்பு வைத்துத் தைக்கச் சொன்னேன். அதற்குள் வளர்ந்துவிட்டாலும் மடிப்பைப் பிரித்துவிட்டால் சரியாக இருக்கும்.

எதிர்வீட்டுக் கலாவதி கைக்குழந்தைக்காரி, தெருவில் எந்த வண்டி சத்தம் போட்டாலும் வாசலுக்கு வந்து கத்துவாளே, அவளிடமும் சொல்லி வைத்துவிட்டேன், ஆனியில் ஒரு வண்டி ஊரைக் கூட்டிக்கொண்டு வரும், வையாதேடி, அது என் பிள்ளை என்று. "வரட்டும்க்கா, முனை திரும்பறப்பவே ஒனக்குக் கொரல் குடுக்கறேன்" என்றாள். அவள் எதற்குக் குரல் கொடுப்பது, எனக்குக் கேட்காதா.

காமாட்சி கண் பார்த்து மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். மற்றதெல்லாம் மெதுவாக எழுதிக்கொள்ளலாம். அம்சா கூப்பிட்டதும் கண் விழிக்கிறாள் என்று ஒரு வரி, அதை மட்டும் உடனே எழுது.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் அம்மா
நீலாம்பாள்