கவசத்துக்குக் கொடுத்த அளவு

ஏம்மா,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில்.

ஆபீஸ் மாறுவேடப் போட்டியில் போட்டுக்கொள்ள, நீ எடுத்த அளவை வைத்து நான் செய்த ஃபோம் கவசம் நேற்று முதுகுப் பக்கம் பூட்ட முடியாமல் நாலு விரல் இடைவெளி விட்டதும், “ஒரு அளவுகூட ஒழுங்கா எடுக்கத் தெரியாதா?” என்று என் அக்கா முன்னாலேயே உன்மேல் பாய்ந்தேன். நீ டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்தாய்.

காலையில் நானே டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். நீ அளந்த அன்றைக்கு மாதிரி வயிற்றை எக்கிக்கொண்டால் நீ எழுதிய அளவேதான் வருகிறது. மூச்சை விட்டால் நாலு விரல் கூடுகிறது.

உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது. அதான் எழுப்பாமல் கிளம்பிவிட்டேன்.

பி.கு. அக்காவுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். “அது உன் பொண்டாட்டிக்கு அப்பவே தெரியும்டா. நீ கூச்சப்படுவேன்னுதான் சொல்லல” என்றாள்.

சாயங்காலம் மறுபடி அளவெடுப்பாயா? மூச்சு விட்டபடியே நிற்கிறேன்.