நம் வீட்டில் பிறந்த தலைவர்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, எனக்கு வாய்தான் குறையவில்லை என்று அவரே சொல்லுவார். வீட்டு விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், முதலிலிருந்து சொல்கிறேன். தலைவர் பிறந்த வீடு சாலையை அகலப்படுத்தும்போது இடிபட்டுப் போய்விட்டதாம், அதே காலத்தில் அதே மாதிரி கட்டிய வீடு நம்முடையதுதானாம், கூடத்தை மட்டும் நினைவகமாக வைத்துக்கொள்கிறோம், கூரையைப் பழுது பார்த்துத் தருகிறோம் என்று அதிகாரிகள் வந்து கேட்டார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டார். கோட்டுப் போட்ட யாராவது அவரை சார் என்று கூப்பிட்டால் போதுமே.

முதலில் கூடம், பிறகு உன் அறை. உன் கட்டில், மேசை, நீ மை கொட்டிய கறை எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். தலைவர் இந்த மேசையில் படித்துத்தான் வக்கீல் ஆனார், இங்கிருந்துதான் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, சிறையிலிருந்து வந்து இந்தக் கூடத்தில்தான் கட்சியை ஆரம்பித்தார், இங்கே இருந்தபோதுதான் முதல் தேர்தலில் ஜெயித்தார் என்று வருகிறவர்களுக்கு அப்பா ஒப்பிக்கிறார். ஆரம்பத்தில் ஒப்பித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். இப்போது சிமிட்டுவதில்லை. போன வாரம், தலைவர் சின்ன வயதில் மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிச் சொற்பொழிவு செய்தார், இறங்கும்போது விழுந்து தாடை கிழிந்தது என்றார். அது நீடா! உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். சாப்பிடும்போது கேட்டால், "உனக்கு எல்லாம் குழம்பிப்போச்சு, பேசாம சாப்பிடு" என்கிறார். எதிர்வீட்டு அத்தை, உன்னைக் குரங்கு என்று கூப்பிடுவாளே அவள்தான், டிவிக்காரர்களிடம் "என் இடுப்புலயே வளர்ந்த புள்ளைங்க அவரு" என்று சொல்லி அழுகிறாள். நடிப்பென்றால் திட்டித் தீர்த்திருப்பேன். நிஜமான கண்ணீர்.

போன மாதம் தலைவரே வந்தார். என்னைவிட வயதில் பெரியவர், இந்த வீட்டில் அதற்குமுன் கால் வைத்ததே இல்லை. மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒரு படியை மிதிக்காமல் தாண்டினார். அந்தப் படி நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆடிக்கொண்டிருந்தது, கொத்தனார் சரிசெய்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, ஆனாலும் நீ மட்டும் பழக்கத்தில் தாண்டித்தான் போவாய். இறங்கி வந்தவர் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தார். தாடையில் தழும்பு. என் கை தானாகவே அதைத் தொடப் போனது, பாவி மனசு ஒரு நிமிஷம் பெற்ற பிள்ளை என்று உருகிவிட்டது, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கூட வந்த அதிகாரி "இவங்க யாரு?" என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் தயங்காமல் "வீட்டைப் பாத்துக்கிறவங்க" என்றார்.

தலைவர் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தபோதே அவருடைய தாயார் காலமாகிவிட்டாராம், அவர்கள் சொல்கிற வரலாறு அப்படி. அந்தத் தாயாரின் படம் என்று கூடத்தில் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். என் கல்யாணப் போட்டோதான், அப்பாவை வெட்டி எடுத்துவிட்டு. நேற்று எதிர்வீட்டு அத்தை அதன் கீழே பூ வைத்து, "மகராசி, போய்ச் சேந்துட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, கூட்டம் போனதும் நல்லா பெருக்கிடும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், குளிரில் காதை மூடிக்கொண்டு போ, இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். சீக்கிரம் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி என்னை அம்மா என்று கூப்பிடு, அது போதும், அப்பாவும் தெளிந்துவிடுவார். கட்டாயம் வரவேண்டும், மறந்துவிடாதே. இன்னொன்று, இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "தலைவர் வீடுங்களா, யார் பேசுறது?" என்று கேட்டாய், நான் அம்மாடா என்றதும் "அவங்க காலமாயிட்டாங்களே" என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். விளையாட்டுக்குத்தானே சொன்னாய்?

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்