அடைப்புக்குறிக்குள் ஒரு முறைப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் அரிசி அளவுக்கு ஒரு கட்டி. "பயப்படாதீங்க, கெட்ட கட்டி இல்ல" என்றார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் குண்டைத் தூக்கிப் போட்டார். ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாதாம். அதற்கும் சரியாகாவிட்டால் அறுவை சிகிச்சை.

இருபத்திரண்டு வருடமாக ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கத்தியிருக்கிறேன். 'நடத்தியிருக்கிறேன்' என்றுதான் எழுத வந்தேன், கை உண்மையை எழுதிவிட்டது.

வீட்டுக்கு வந்து இவரிடம் மருத்துவர் சீட்டைக் காட்டினேன். "ஆறு வாரமா? அந்த டாக்டருக்கு மாலையே போடலாமே!" என்றார். முறைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வெந்நீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேச்சை எனக்காக இவரும் விட்டுவிட்டாரோ?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பக்கத்து வீட்டு அம்மா, "என்ன, எங்க மேல கோபமா?" என்று கேட்டார். நான் பேசவில்லை என்றால் கோபம் என்றே ஊர் முடிவு கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

தலைமையாசிரியை நல்லவர். அதுதான் சிக்கல். நல்லவர்கள் சொல்வதை மறுக்க வழி இல்லை.

"நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து பதிவேடு பாருங்க. ஏழாம் வகுப்பைக் கணக்கு டீச்சர் பார்த்துக்குவாங்க. வருஷம் முழுக்க அப்படியே இருக்கட்டும், உங்க தொண்டைக்கும் நல்லது."

வருஷம் முழுக்கவா! என் பிள்ளைகளையா! சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: "மூன்று வாரம் கொடுங்கள். பேசாமல் நடத்துகிறேன்."

பேசாமல் எப்படி என்று கேட்டார். அழித்துவிட்டு எழுதினேன்: "தெரியாது."

சிரித்துவிட்டார். இருபத்தெட்டாம் தேதி வகுப்பில் வந்து உட்காருவாராம். பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

ஆகஸ்ட் 9, சனி

வழி இவர்தான் கண்டுபிடித்தார். இவர் பஸ் ஓட்டுகிறார். "எங்க வண்டியில 'அடுத்த நிறுத்தம்'னு சொல்ற அம்மா யாருன்னு நினைக்கற? ஆளே இல்ல. எழுதிப் போட்டா அதுவே பேசிடுது. உனக்கு அது மாதிரி ஒண்ணு கிடைக்காதா?"

தேடினேன். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது! தட்டச்சு செய்தால் வாசிக்கிறது. ஆனால் ஒரு தடவைக்கு முன்னூறு எழுத்துதான். புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணுகிறது, படுபாவி. 'க்' என்றால் இரண்டு! தமிழில் பாடம் நடத்துகிறவர்கள் புள்ளிக்கு எங்கே போவது?

மகரந்தச் சேர்க்கையை எழுதிப் பார்த்தேன். ஆயிரத்து நானூறு வந்தது. வெட்டினேன். 'அதாவது', 'அப்போ என்னன்னா', 'நான் சொல்றது காதுல விழுதா' எல்லாம் போயிற்று. முன்னூற்றுக்குள் அடங்கியபோது பாடம் முழுசாகவே இருந்தது. கொஞ்சம் அவமானமாக இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

கைப்பேசியையும் சின்ன ஒலிபெருக்கியையும் மேசையில் வைத்தேன். "வணக்கம், மாணவர்களே" என்றது குரல்.

உடனே கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஐயோ டீச்சர், இது பஸ்ல வர்ற அக்கா!"

அவ்வளவுதான், வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் யாராவது, "இறங்கறவங்க இறங்கலாம்" என்றார்கள். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. பெயர் நிலைத்துவிட்டது: பஸ் அக்கா.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்னொரு இலவசத் தளம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்புக் கட்டங்கள் போட்ட தனித்தனி அட்டை. அச்செடுத்துக் கொடுத்தால் போதும், அவர்களிடம் கைப்பேசி வேண்டாம். விடை அ, ஆ, இ, ஈ என்பதற்கேற்ப அட்டையைத் திருப்பித் தூக்குவார்கள். என் கைப்பேசி வகுப்பைச் சுற்றிப் படம் பிடித்து, யாருக்குச் சரி, யாருக்குத் தப்பு என்று சொல்லிவிடும்.

எதற்கெடுத்தாலும் 'புரிஞ்சுது டீச்சர்' என்று தலையாட்டுகிற என் தலையாட்டிக்கு ஐந்தும் தப்பு. கையே தூக்காத ஜன்னலோரத்துச் சின்னப்பொண்ணுக்கு ஐந்தும் சரி. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை தலையாட்டலை நம்பினேன்? எத்தனை ஜன்னலோரத்தைப் பார்க்காமல் விட்டேன்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

முடியல. சத்தியமா முடியல.

ஜன்னலோரச் சின்னப்பொண்ணு இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுந்து நின்னு கேள்வி கேட்டா. "டீச்சர், நமக்குக் கேக்காத சத்தமும் சத்தம்தானா?" என்ன கேள்வி! எவ்வளவு நல்ல கேள்வி! நான் தட்டறேன், தட்டறேன், விரல் வழுக்குது, வேற எழுத்து விழுது — மணி அடிச்சிடுச்சு. அவ உட்கார்ந்துட்டா. முகம் வாடிப்போச்சு. 'சபாஷ்டி கண்ணு'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியலையே. பஸ் அக்கா சொன்னா அது சபாஷா?

கழிவறையில் போய் அழுதேன். சத்தமில்லாமல்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவர் சொன்னார்: "முதுகுல தட்டிக் குடுக்கறதுக்குத் தொண்டை எதுக்கு?"

ஆகஸ்ட் 25, திங்கள்

தட்டிக் கொடுத்தேன். அவள் கேள்வியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, கீழே 'சபாஷ்' போட்டேன். அடுத்த பாடவேளையிலும் பிள்ளைகள் யாரையும் அழிக்க விடவில்லையாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மானம் போயிற்று. இல்லை, போகவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

தலைமையாசிரியை பின்னால் வந்து உட்கார்ந்தார். பாடம் ஒலி. காலையில் அவசரமாகத் தட்டச்சு செய்து வைத்ததை ஓடவிட்டேன். பஸ் அக்கா தெளிவாக ஆரம்பித்தாள்: "தொண்டையில் விரலை வையுங்கள். ஆ என்று சொல்லுங்கள். அதிர்வு தெரிகிறதா?" நாற்பத்தொரு பேரும் ஆ என்றார்கள். அடுத்து, அதே அலுங்காத குரலில்:

"இங்கே கடைசி பெஞ்சை முறைக்கவும். சிரிக்கக் கூடாது."

ஐயோ! பாடக் குறிப்பில் எனக்கென்று அடைப்புக்குறிக்குள் எழுதி வைப்பேன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த பழக்கம். அதையும் சேர்த்துத் தட்டிவிட்டிருக்கிறேன். அந்தப் பாவிக்கு அடைப்புக்குறி தெரியவில்லை, எல்லாவற்றையும் வாசித்துத் தள்ளிவிட்டாள்.

கடைசி பெஞ்சு ஐந்து பேரும் ஒன்றாக எழுந்து நின்று, பவ்யமாக, "முறைங்க டீச்சர்" என்றார்கள்.

முறைத்தேன். முடிந்த மட்டும் முறைத்தேன். ஆனால் இரண்டாவது கட்டளையைக் காப்பாற்ற முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்க, சத்தம் வராமல் சிரித்தேன். பின்னால் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போகும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார்: "இவ்வளவு நாளா என்னை மட்டும்தான் இப்படி முறைக்கறீங்கன்னு நினைச்சேன். எல்லாத்தையும் எழுதி வெச்சுத்தானா? வகுப்பு உங்களோடதுதான். யாரும் எடுக்க மாட்டாங்க."

செப்டம்பர் 3, புதன்

தலையாட்டிக்கு ஐந்தில் மூன்று! புரியாவிட்டால் இப்போது தலையாட்டுவதில்லை, அட்டையின் வெற்றுப் பக்கத்தைக் காட்டுகிறான்.

செப்டம்பர் 15, திங்கள்

மறுபடி குழாய். கட்டி கரைந்துவிட்டது, கத்தி வேண்டாம். "பேசுங்க. ஆனா பழைய சத்தம் இனிமே வராது. எடுக்கவும் பாக்காதீங்க" என்றார்.

வாசலில் இவர் நின்றிருந்தார். முதல் வார்த்தையாக இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க'தான். குரல் யாருடையதோ மாதிரி, கரகரவென்று வந்தது. மனுஷர் கைக்குட்டையைத் தேடினார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வகுப்பு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். இந்தச் சின்னக் குரல் நாற்பத்தொரு பேரில் யாருக்குக் கேட்கும்?

உள்ளே சத்தமே இல்லை. கரும்பலகையில், 'சபாஷ்' பக்கத்தில், ஜன்னலோரச் சின்னப்பொண்ணின் கையெழுத்து:

(இங்கே டீச்சர் பேசவும். மெதுவாகவே போதும். நாங்கள் கேட்போம்.)

"உட்காருங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நாற்பத்தொரு பேரும் உட்கார்ந்தார்கள்.

இரவு நாளைய பாடத்தை எழுதி முடித்தேன். பழக்கதோஷம், எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன்: இருநூற்று எழுபத்தாறு. மிச்ச இடத்தில்:

(இங்கே சிரிக்கலாம்.)