கம்பளி ஜாக்கெட்டைத் தேட வேண்டாம்

நேற்று முதல் பேச்சு நின்றுவிட்டதால், இந்தச் சீட்டு யாரையும் கூப்பிட்டு எழுதியதல்ல.

இந்த வீட்டில் லூர்துராஜ் என்று ஒருவர் இருக்கிறார். குளிரில் ஓடுவதென்றால் மூன்று அடுக்கு உடுப்பு, குல்லா, கையுறை வேண்டுமென்று கனடாவிலிருக்கும் அண்ணன் போனில் சொன்னாராம். அண்ணன் ஊரில் ஏரியே உறைந்துபோகும். ரங்கூன் குளிருக்குத் தேங்காயெண்ணெய் உறைவதோடு சரி. இவரோ லத்தா கடைத்தெருவில் கம்பளி ஜாக்கெட் வாங்கி மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினார். பாதிச் சுற்றில் தலைசுற்றி, சைக்கா ரிக்‌ஷாவில் வீடு வந்து சேர்ந்தார். மிதித்தவர் பனியனோடு இருந்தார். உட்கார்ந்து வந்தவர் கம்பளியில் வெந்துகொண்டிருந்தார். "அதக் கழட்டிட்டு ஓடுங்க" என்று முதலிலேயே சொன்ன மனைவி பிலோமினாவிடம், "ஒனக்கென்ன தெரியும்?" என்று கேட்டவரும் இவரே.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். ஓட ஓடச் சூடு தானே ஏறும். முதல் பத்து நிமிடம் நடை. வெள்ளைச் சட்டை நாற்காலியில் இருக்கிறது, இருட்டில் கார்க்காரர்கள் கண்ணில் படும். திரும்பியதும் ஈரச் சட்டையை மாற்றிவிட்டு மொஹிங்கா சாப்பிடலாம். மீன்குழம்பு அடுப்பில் மூடி வைத்திருக்கிறது.

ஜாக்கெட்டைத் தேட வேண்டாம். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் போகும் படகில் காற்று ஊசியாய்க் குத்தும். சும்மா உட்கார்ந்து போகிறவளுக்குத்தான் கம்பளி வேண்டும். போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொன்று: நெஞ்சு படபடன்னா நின்னுடுங்க, வீறாப்பு வேணாம். சைக்காவுலயே வாங்க. இந்தத் தடவ சிரிக்க மாட்டேன்.