பின்னால் போன டோர்பிடோக்கள்

ஜூலை 9, புதன்
காலில் மாவுக்கட்டுப் போட்டு எட்டாவது நாள். பள்ளிக்கூடப் படியில் மழைத் தண்ணீரில் வழுக்கியதற்கு ஆறு வாரத் தண்டனை. பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் கொண்டுவருவார்கள். பௌதிகம் படிப்பிக்கிற சப்ராஸ் சேர் என் லெப்டொப்பில் ஒரு விளையாட்டை ஏற்றிவிட்டுப் போனார். பழைய உலக யுத்தம். நாம் நீர்மூழ்கிக் கப்பலின் கப்டன். எதிரிக் கப்பல்களை டோர்பிடோவால் அடிக்க வேண்டும். நாற்பது வயதுக் கணித டீச்சருக்கு இது தேவைதான்.

"குறிய கம்ப்யூட்டரே பார்த்துக்கிரும் டீச்சர். கையால கணக்குப் போட்டும் அடிக்கலாம். எனக்கு அது சரிவரல்ல" என்றார்.

சரிவரவில்லையாம். பிள்ளைகள் பாவம்.

ஜூலை 10, வியாழன், போயா விடுமுறை
கம்ப்யூட்டர் குறிபார்க்க, ஆடிப் பார்த்தேன். முக்கோணம் பச்சையானதும் அமத்தினால் கப்பல் மூழ்குகிறது. பழக்கினால் குரங்கும் செய்யும். அந்த வசதியை நிறுத்திவிட்டேன்.

கையால் அடிப்பதென்றால் முதலில் அது என்ன கப்பல் என்று படப்புத்தகத்தில் பார்க்க வேண்டும். கொடிமரத்தின் உயரத்தை வைத்துத் தூரம். நமக்கு எந்தச் சரிவில் முகம் காட்டிப் போகிறது என்று ஒரு கோணம். பெரிஸ்கோப்பின் நடுக்கோட்டை அதன் மூக்கு தொட்டதிலிருந்து வால் தாண்டும்வரை எத்தனை செக்கன் என்று எண்ணி, கப்பலின் நீளத்தை அதனால் வகுத்தால் வேகம். மிச்சம் பத்தாம் வகுப்பு முக்கோணவியல். இதற்கா ஆம்பிளைகள் மணிக்கணக்கில் வீடியோ போட்டு விளக்குகிறார்கள்?

ஜூலை 12, சனி
மூன்று அடித்தேன். ஒன்றும் படவில்லை. மவுஸ் சரியில்லை.

ஜூலை 17, வியாழன்
வீட்டுக்காரர் ஜீவராஜ் கட்டாருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். பஸ் ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம், இரண்டு வருஷமாம், அடுத்த மாதம் கொழும்பில் மெடிக்கலாம். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நுவரெலியா–ஹட்டன் ரோட்டில் பஸ் ஓட்டுவதைத் தவிர எதுவும் தெரியாத மனுஷன். அங்கே போர்டில் இருக்கிற இங்கிலீஷை யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று கேட்டேன்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். என் புருஷனுக்குப் பதில் சொல்லக்கூடத் தெரியாது.

ஜூலை 22, செவ்வாய்
பதினேழு டோர்பிடோ. அத்தனையும் கப்பலின் வாலுக்குப் பின்னால் போகிறது. நான்கு பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு புள்ளி பிசகில்லை. விளையாட்டைச் செய்தவனுக்குத்தான் கணக்குத் தெரியாது என்று சப்ராஸ் சேருக்கு எழுதினேன்.

"ஆமா டீச்சர், கடல்தான் பிழை" என்று பதில் வந்தது. வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

ஜூலை 27, ஞாயிறு
மழை. இவருக்கு லீவு. தேத்தண்ணியை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து பார்த்தார். சரக்குக் கப்பல், நூற்று முப்பத்து நான்கு மீற்றர் நீளம். கோட்டைத் தாண்ட ஐம்பத்திரண்டு செக்கன். ஐந்து நொட் வேகம். அடித்தேன்.

"பின்னால போகுது" என்றார். டோர்பிடோ பாதி தூரம்கூடப் போகவில்லை.

உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தக் கப்பல் போற பக்கமே நீயும் போய்க்கிட்டுல்ல இருக்க. கொட்டகலையில ரயிலோட சேர்ந்து பஸ் போறப்ப, ரயில் ஊர்ற மாதிரிதான் தெரியும். நின்னு பாரு."

டோர்பிடோ வாலுக்குப் பின்னால் போனது. லெப்டொப்பை மூடினேன்.

பதினாறு வருஷமாக ஏ.எல். பிள்ளைகளுக்குச் சார்பு வேகம் படிப்பிக்கிறேன். நான்.

ஜூலை 28, திங்கள்
காலை பத்து மணி. என்ஜினை நிறுத்தினேன். அதே மாதிரிக் கப்பல், முப்பத்திரண்டரைச் செக்கன். ஐந்து இல்லை, எட்டு நொட். பதினைந்து பாகை முன்னால் குறி. அடித்துவிட்டு எண்ணினேன். அறுபத்தைந்தில் வெடித்தது.

நான் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காளியாயி, நான் மறுபடியும் விழுந்துவிட்டேன் என்று ஓடி வந்தாள். கப்பல் முங்கிருச்சு என்றேன். மாவுக்கட்டை ஒரு தரம் பார்த்தாள், என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், போய்விட்டாள். அவளுக்கு எங்கே புரியும்.

பின்னேரம் இவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனை செக்கன் என்று கேட்டார். அடித்துக் காட்டச் சொன்னார். அடித்தோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஏன் போறீங்க என்று இன்றைக்குத்தான் கேட்டேன். மரியாதையாகக் கேட்டது இதுதான் முதல் தரம்.

"இந்த வீட்டுல நான் வாயத் தொறந்தா நீ மார்க் போடுற. ஒன்ன கட்டுன நாள்ல இருந்து பெயில்தான். பஸ்ஸுல அம்பது பேர் என்ன நம்பி ஒக்காந்து வர்றாங்க."

கூரான பதில் ஒன்று வாய்வரை வந்தது. சொன்னால் அவர் இன்னும் சீக்கிரம் போய்விடுவார். விழுங்கினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்
அப்படி என்னதான் சொல்லிட்டேன் அவர? — இங்கிலீஷ் போர்டு. சரி. அவங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துல, எல்லாருக்கும் முன்னால, இவருக்குக் கணக்கு ஏறாதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னது. அன்னைக்கு அவரும் சிரிச்சாரே. சிரிச்சாரா?

போதும். எழுத எழுத வருது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
கட்டுப் பிரித்தார்கள். கால் வாழைத்தண்டு மாதிரி இருக்கிறது. மெதுவாக நடங்க என்று டாக்டர் சொன்னார். இதைச் சொல்ல ஒரு டாக்டர்.

திரும்பி வரும் வழியில் இவர், கட்டார் ஏஜென்சிக்காரனிடம் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"ஒரு வருஷம் பார்ப்போம்."

தவணை வைத்திருக்கிறார் எனக்கு.

ஆகஸ்ட் 18, திங்கள்
பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் முதல் தரமாக அவர் ஓட்டுகிற பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.

பாலத்து வளைவில் வேகம் கொஞ்சம் கூடத்தான். சொல்லவில்லை.